கால் எலும்பு முறிந்தால்: பெங்களூரு வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். ஹலசூர், மர்பி டவுன், ஜீவன்பீமா நகர், ராமமூர்த்தி நகர் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கிறேன். தமிழ் பேசும் வீடுகள்தான் அதிகம். டாக்டரிடம் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்கத் தயங்கியதையெல்லாம் எனக்காக எடுத்து வைத்திருப்பார்கள். காபி டம்ளர் என் கைக்கு வந்ததும் கேள்விகள் ஆரம்பமாகும்.

சில வருடங்களுக்கு முன்னால் எனக்கே கால் உடைந்தது. ஏரிக்கரைப் பக்கம், மழைத் தண்ணீர் மூடியிருந்த குழியில் ஸ்கூட்டர் இறங்கிச் சாய்ந்தது. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு, டிபியா, இரண்டாகிப்போனது. ராடு வைத்தார்கள். அதற்கு முன்னால் நான் சொல்லிவந்த பதில்களில் சிலவற்றை அதற்கப்புறம் மாற்றிக்கொண்டேன். கீழே இருப்பவை மாற்றியவை. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள். உங்கள் எக்ஸ்ரேயைப் பார்த்தவர் அவர்.

"ஃபிராக்சர்னு சொல்றாங்க, உடையலையாம். அப்போ பயமில்லைதானே?"

இரண்டும் ஒன்றுதான். ஃபிராக்சர் என்றால் விரிசல், பிரேக் என்றால் துண்டாவது என்று பாதிப் பேர் நினைக்கிறார்கள். மயிரிழை விரிசலும் ஃபிராக்சர், மூன்று துண்டானாலும் ஃபிராக்சர். எந்த எலும்பு, எந்த இடம், துண்டு விலகியிருக்கிறதா, தோல் கிழிந்திருக்கிறதா என்ற நான்கையும் கேளுங்கள். பயப்படுவதா வேண்டாமா என்பது அதில் இருக்கிறது.

"கால் வீங்கியிருக்கு, ஆனா விரலை ஆட்ட முடியுது. சுளுக்காத்தான் இருக்கும், இல்லையா?"

விரல் ஆடுவதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விரலை ஆட்டும் தசைகள் மேலே கெண்டைக்காலில் இருக்கின்றன. கணுக்கால் எலும்பு உடைந்தும் விரல் ஜோராக ஆடும். கணுக்காலுக்கு டாக்டர்கள் பார்க்கும் ஒரு எளிய கணக்கு உண்டு, கனடாவின் ஒட்டாவாவில் 1990களில் வகுத்தது. அடிபட்ட உடனேயும், ஆஸ்பத்திரியில் பார்க்கும்போதும் நான்கு அடி வைக்க முடிகிறதா? இரண்டு பக்கக் கணுக்கால் முட்டின் பின் ஓரத்தையும் நுனியையும் அழுத்தினால் எலும்பிலேயே வலிக்கிறதா? நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும், எலும்பில் வலித்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்துக்கும் இதுபோல அழுத்திப் பார்க்கும் இடங்கள் இரண்டு இருக்கின்றன.

நடக்க முடிந்தாலும் உடைந்திருக்கலாம். கீழ்க்காலின் வெளிப்பக்கத்துச் சின்ன எலும்பு உடைந்து, ஒரு வாரம் நொண்டிக்கொண்டே ஆபீஸ் போய் வந்தவரைப் பார்த்திருக்கிறேன். எக்ஸ்ரே பார்க்கும்வரை எண்ணெய் போட்டு நீவ வேண்டாம்.

"உடைஞ்ச உடனே முதல்ல என்ன பண்ணணும் மேடம்?"

அசைக்காமல் வையுங்கள். கோணலாக இருந்தால் நேராக்கப் பார்க்காதீர்கள். காலுக்கு இரண்டு பக்கமும் தலையணையோ மடித்த செய்தித்தாளோ வைத்து, துப்பட்டாவால் மேலேயும் கீழேயும் தளர்வாகக் கட்டினால் போதும். எலும்பு வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளாதீர்கள். சுத்தமான துணியால் மூடி 108ஐக் கூப்பிடுங்கள். அப்படிப்பட்ட காயத்தில் முதல் ஊசி கிருமிக்கொல்லி மருந்துதான், கூடவே டெட்டனஸ். எவ்வளவு சீக்கிரம் போடுகிறார்களோ அவ்வளவுக்குச் சீழ் பிடிக்கும் வாய்ப்பு குறையும்.

இன்னும் இரண்டு விஷயம். கொலுசையும் மெட்டியையும் அங்கேயே கழற்றிவிடுங்கள். எனக்கு மெட்டி மட்டும் விட்டுப்போய், இரண்டு மணி நேரத்தில் விரல் வீங்கி, கடைசியில் கட்டர் வைத்து வெட்டினார்கள். கால் வலியைவிட அதற்குத்தான் அழுதேன். இரண்டாவது, "மயக்கமா இருக்கா, கொஞ்சம் ஜூஸ் குடி" என்று யார் நீட்டினாலும் வேண்டாம். ஆபரேஷன் என்றால் வயிறு காலியாக இருக்க வேண்டும்.

ஜெயநகர் பக்கம் பைரசந்திராவில் சஞ்சய் காந்தி விபத்து, எலும்பு மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவமனை, எலும்பும் விபத்தும்தான் அங்கே முக்கிய வேலை. எங்கள் பக்கத்துக்குச் சிவாஜிநகரில் உள்ள பவுரிங் அரசு மருத்துவமனைதான் அருகில். தலையிலும் அடி என்றால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்.

"புத்தூர் கட்டு போட்டா ஆபரேஷனே வேண்டாம்னு எங்க மாமா சொல்றார். போகலாமா?"

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். சென்னையிலிருந்து திருப்பதி போகும் வழியில் இருக்கும், நாட்டு எலும்புக் கட்டுக்குப் பேர்போன ஊர் புத்தூர். அந்த ஊர்ப் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு பெங்களூரில் தெருவுக்குத் தெரு கட்டுப் போடுகிறார்கள். பலகையில் பெயர் இருப்பதால் மட்டும் கட்டுபவர் அங்கே தொழில் கற்றவர் ஆகிவிடமாட்டார்.

மாமா சொல்வதும் முழுப் பொய் இல்லை. விலகாத முறிவு பலவற்றில், அசையாமல் வைத்திருந்தால் எலும்பு தானாகவே கூடும். மூங்கில் பட்டை வைத்தாலும் கூடும், மாவுக்கட்டுப் போட்டாலும் கூடும். அப்படிக் கூடியவர்கள் ஊரெல்லாம் சொல்வார்கள். கோணலாகக் கூடியவர்கள் சொல்வதில்லை, என்னைப் போன்றவர்களைத் தேடி வருகிறார்கள். விலகிய எலும்பு, மூட்டுக்குள் போன முறிவு, தோல் கிழிந்த முறிவு, தொடை எலும்பு, இந்த நான்குக்கும் நாட்டுக்கட்டு வேண்டவே வேண்டாம்.

நான் பயப்படுவது பச்சிலைக்கு இல்லை, இறுக்கத்துக்கு. முதல் மூன்று நாள் கால் வீங்கிக்கொண்டே போகும். வீக்கத்துக்கு இடம் விடாமல் சுற்றிலும் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கால் கறுத்துப்போகும். குழந்தைகளுக்கு இப்படி ஆகிக் காலையோ கையையோ எடுக்க வேண்டிவந்தது எலும்பு டாக்டர்கள் எல்லாரும் அறிந்த கதை. பெரியவர்கள் பேச்சைத் தட்ட முடியவில்லையா? முதலில் எக்ஸ்ரே எடுத்து ஒரு எலும்பு டாக்டரிடம் காட்டிவிட்டு அப்புறம் மாமாவிடம் பேசுங்கள். பாதி மாமாக்கள் எக்ஸ்ரேயைப் பார்த்ததுமே அமைதியாகிவிடுகிறார்கள்.

"ஒரு டாக்டர் மாவுக்கட்டு போதும்ங்கிறார், இன்னொருத்தர் ராடு வைக்கணும்ங்கிறார். யாரை நம்புறது?"

இரண்டு பேரும் சரியாக இருக்கலாம். டிபியாவின் நடுத்தண்டில் விலகாத முறிவு என்றால் கட்டிலும் கூடும், ராடிலும் கூடும். கட்டு என்றால் கத்தி இல்லை. ஆனால் பல வாரம் முட்டியும் கணுக்காலும் மடங்காமல் இருந்து இறுகிப்போகும், நடுவில் எலும்பு நழுவுகிறதா என்று அடிக்கடி எக்ஸ்ரே எடுக்க வேண்டும். ராடு என்றால் சீக்கிரம் நடக்கலாம். ஆனால் மயக்க மருந்து, செலவு, கொஞ்சம் சீழ் அபாயம் உண்டு. எலும்புக் குழாய்க்குள் கம்பி செலுத்தும் இந்த முறையை 1939இல் தொடங்கிவைத்தவர் ஜெர்மனியின் குன்ட்ஷர். அதற்கு முன்னால் தொடை எலும்பு உடைந்தவர்கள் மாதக்கணக்கில் எடை தொங்கவிட்டுப் படுத்திருந்தார்கள்.

பெரியவர்களுக்குத் தொடை எலும்பு என்றால் பெரும்பாலும் ஆபரேஷன்தான். மூட்டுக்குள் போன முறிவில் துண்டுகள் விலகியிருந்தாலும் அப்படித்தான். "இது என் அண்ணன் கால் என்றால் என்ன செய்வீர்கள்?" என்று டாக்டரைக் கேட்டுப் பாருங்கள். பதில் நேராக வரும்.

"கட்டு போட்டு ரெண்டாவது நாள். மாத்திரை போட்டும் வலி தாங்கலை. பொறுத்துக்கணுமா?"

கூடாது. இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வையுங்கள். வலி குறைய வேண்டிய நேரத்தில் கூடுகிறது, மாத்திரைக்கு அடங்கவில்லை, கால் விரலை இன்னொருவர் மெதுவாக மேலே மடக்கினால் கெண்டைக்காலில் உயிர் போகிறது, விரல் மரத்துப்போகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். கட்டுக்குள் அழுத்தம் ஏறித் தசைக்கு ரத்தம் போகாமல் இருக்கலாம். தசைக்குச் சில மணி நேரம்தான் கெடு. ராத்திரி இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குப் போய்க் கட்டைப் பிளக்கச் சொல்லுங்கள். விரல் வெளுப்பதும் நீலமாவதும் கடைசியில் வரும் அடையாளம். அதற்காகக் காத்திருந்தால் தாமதம்தான்.

சாதாரண வலிக்கு வைத்தியம் தலையணை. குதிகால் நெஞ்சு மட்டத்துக்கு மேலே இருக்கும்படி காலை உயர்த்தி, விரல்களை மணிக்கு ஒருமுறை ஆட்டுங்கள். சோபாவில் உட்கார்ந்து காலை முக்காலியில் நீட்டுவது உயர்த்துவது ஆகாது.

"உள்ள அரிப்பு தாங்கலை, ஸ்கேல் விட்டு சொறியலாமா?"

வேண்டாம். ஸ்கேல், பின்னல் ஊசி, தென்னங்குச்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒரு பையனின் கட்டைப் பிரித்தபோது உள்ளிருந்து பேனா மூடி விழுந்தது. அது இருந்த இடத்தில் புண். ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து ஊதுங்கள், அல்லது கட்டின்மேல் தட்டுங்கள்.

குளிக்கும்போது கட்டை நனைக்காதீர்கள். மாவுக்கட்டு பத்து நிமிடத்தில் இறுகினாலும் முழுக்கக் காய இரண்டு மூன்று நாள் ஆகும். அதுவரை அதில் விரல் பதித்தால்கூடக் குழி விழும். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி இன்னொரு ஸ்டூலில் நீட்டிக்கொண்டு குளியுங்கள்.

"சரியா எத்தனை நாள்ல கூடும்?"

கணுக்கால் ஆறிலிருந்து எட்டு வாரம். டிபியா நடுத்தண்டு நான்கு மாதம் எடுப்பது சாதாரணம், ஆறு மாதமும் ஆகலாம். தொடை எலும்பு மூன்றிலிருந்து ஆறு மாதம். குழந்தைகளுக்கு இதில் பாதி போதும். கூடுவது என்றால் பழையபடி ஆவது இல்லை. முதலில் ரத்தம் கட்டி, இரண்டு மூன்று வாரத்தில் மிருதுவான பசை போல ஒன்று சுற்றிலும் வளர்ந்து, அப்புறம் அது கெட்டியாகி எலும்பாகும். அந்தப் புடைப்பைக் கரைத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர உடம்புக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

இந்தக் கணக்கு எலும்புக்கு மட்டும். நடைக்கு வேறு கணக்கு. எலும்பு நீங்கள் தூங்கினாலும் கூடிக்கொள்ளும், நடை அப்படி வராது. என்னிடம் வருபவர்கள் பலர் எக்ஸ்ரேயில் தேறி ஆறு மாதம் ஆனவர்கள், இன்னும் நொண்டுகிறவர்கள்.

"ஆட்டுக்கால் சூப் குடிச்சா சீக்கிரம் கூடுமா? நாங்க சைவம், பிரண்டை போதுமா?"

எனக்கு உடைந்தபோது அத்தை ரஸல் மார்க்கெட்டிலிருந்து வாரம் இரண்டு தடவை கால் வாங்கி வந்து, மிளகு தட்டிப் போட்டு விடியற்காலையிலேயே கொதிக்க வைப்பார். குடித்தேன். ருசியாக இருந்தது, தெம்பாகவும் இருந்தது. ஆனால் எலும்பை வேகவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து சூப்பில் கொஞ்சம்தான் இறங்கும். பெரியவர்களுக்கு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் என்பது நம் நாட்டுக் கணக்கு. 100 கிராம் ராகியில் ஏறக்குறைய 350 இருக்கிறது; இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் மீதியைக் கொடுத்துவிடும். ராகி முத்தே கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு சூப்புக்கு அலைய வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். களியும் வந்தது, சூப்பும் நிற்கவில்லை.

எல்லாரும் மறப்பது புரதம். முட்டை, பருப்பு, சுண்டல், மீன், பனீர், எது பிடிக்கிறதோ அதை மூன்று வேளையும் சேருங்கள். பிரண்டைத் துவையல் தாராளமாகச் சாப்பிடுங்கள், உணவாக நல்லது. அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். வைட்டமின் டி 60,000 யூனிட் மாத்திரை பொதுவாக வாரம் ஒன்றுதான். தினமும் ஒன்று விழுங்கிவிட்டு வாந்தியோடு கூப்பிட்டவர் இருக்கிறார்.

"புளி, கத்திரிக்காய், உருளைக்கிழங்கு சாப்பிட்டா சீழ் பிடிக்குமாமே?"

பிடிக்காது. சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைக்காவிட்டால் பிடிக்கும். பத்தியம் என்று ரசம் சாதத்திலேயே நிறுத்திவிட்டால் மேலே சொன்ன புரதம் எங்கிருந்து வரும்?

"நாங்க ரெண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. டாய்லெட்டும் இந்தியன். எப்படிச் சமாளிக்கிறது?"

ஹலசூர் பழைய வீடுகளில் மாடிப்படி அரை ஆள் அகலம்தான் இருக்கும், இரண்டு பக்கமும் ஊன்ற இடமிருக்காது. ஒரு கையால் கைப்பிடியைப் பிடித்து, மறு கையில் ஊன்றுகோல். ஏறும்போது நல்ல கால் முதலில், அப்புறம் அடிபட்ட காலும் ஊன்றுகோலும். இறங்கும்போது ஊன்றுகோலும் அடிபட்ட காலும் முதலில், அப்புறம் நல்ல கால். பயமாக இருந்தால் வெட்கப்படாமல் உட்கார்ந்துகொண்டே ஒவ்வொரு படியாக ஏறுங்கள், இறங்குங்கள். முதல் மூன்று வாரம் நான் அப்படித்தான் இறங்கினேன். கீழ்வீட்டுக் குழந்தைகளும் சறுக்குமரம் மாதிரி கூடவே வந்தன.

இந்தியன் டாய்லெட்டுக்கு நடுவில் ஓட்டை வைத்த கமோடு நாற்காலி வாங்குங்கள், வாடகைக்கும் கிடைக்கிறது. நல்ல காலில் மட்டும் குந்தி எழுந்துவிடலாம் என்று வீரம் காட்டாதீர்கள். விழுந்து மறு கணுக்காலையும் உடைத்துக்கொண்டவர் வீட்டுக்கும் போயிருக்கிறேன். பாத்ரூம் வாசலில் சோப்புத் தண்ணீர் நிற்கக்கூடாது, கால் மிதியடியை எடுத்துவிடுங்கள்.

"க்ரட்சஸ் வச்சு நடந்தா கை மரத்துப்போகுது. ஏன்?"

அக்குளில் தொங்குகிறீர்கள். ஊன்றுகோலின் மேல்கட்டைக்கும் அக்குளுக்கும் நடுவில் இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும். எடை உள்ளங்கையில் இறங்க வேண்டும், முழங்கை லேசாக மடங்கியிருக்க வேண்டும். அக்குளில் நரம்பு ஓடுகிறது. அழுத்திக்கொண்டே இருந்தால் மணிக்கட்டே தூக்க முடியாமல் போகும். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய ஊன்றுகோல் என்றால் உயரத்தை உங்களுக்கு மாற்றுங்கள், அடியில் ரப்பர் தேய்ந்திருந்தால் மெடிக்கலில் புதிது போடுங்கள். பிற்பாடு ஒற்றைக் கைத்தடிக்கு வரும்போது அதை நல்ல காலின் பக்கத்துக் கையில் பிடியுங்கள். சினிமாவில் மாற்றிப் பிடிப்பார்கள்.

"எப்போ காலை ஊனலாம்? டாக்டர் 'கொஞ்சமா வெயிட் போடுங்க'ன்னார். கொஞ்சம்னா எவ்வளவு?"

நல்ல கேள்வி, டாக்டரிடமே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கிலோவில் சொல்லச் சொல்லுங்கள். 20 கிலோ என்றால், எடை பார்க்கும் மெஷினில் அடிபட்ட காலை மட்டும் வைத்து, முள் 20 காட்டும்வரை அழுத்துங்கள். கண்ணை மூடிப் பத்துத் தடவை. அந்த அழுத்தம் காலுக்குப் பழகிவிடும். வாரத்துக்கு வாரம் டாக்டர் சொல்வதுபோல் ஏற்றுங்கள்.

ராடு வைத்தவர்களைப் பலமுறை சீக்கிரமே ஊன்றச் சொல்வார்கள். அவர்கள்தான் பயந்து ஊன்றமாட்டார்கள். மூட்டுக்குப் பக்கத்தில் பிளேட் போட்டவர்களை ஊன்றாதே என்பார்கள். அவர்கள்தான் வலிக்கவில்லையே என்று நடந்து ஸ்க்ரூவை அசைத்துவிடுவார்கள். வலி இல்லை என்பது அனுமதி ஆகாது.

"கட்டு பிரிச்சா கால் குச்சி மாதிரி இருக்கு, தோல் உரியுது, முடி வேற. இது என் காலா?"

உங்கள் கால்தான். தசை கரைந்திருக்கிறது, திரும்பி வரும். இளஞ்சூட்டு வெந்நீரில் ஊறவைத்துத் தேங்காயெண்ணெய் தடவுங்கள், தோலைப் பிய்க்காதீர்கள்.

"எண்ணெய் போட்டு நீவினா போதாதா? பிசியோன்னா வலிக்குதே."

எண்ணெய் தோலுக்கு. இறுகிய மூட்டுக்கு நீட்டி மடக்குவதுதான் வழி, மெலிந்த தசைக்கு எடை தூக்குவதுதான் வழி. இவற்றை இன்னொருவர் உங்களுக்காகச் செய்ய முடியாது. வாரத்தில் மூன்று நாள் அரை மணி நேரம் நான் வருகிறேன். மீதி நேரம் கால் உங்களோடுதான் இருக்கிறது.

எவ்வளவு வலி சரி? செய்யும்போது பத்துக்கு நான்கு, முடித்து ஒரு மணி நேரத்தில் பழைய நிலை என்றால் சரி. மறுநாள் காலை வீக்கம் கூடியிருந்தால் அதிகமாகிவிட்டது, பாதியாகக் குறையுங்கள். படுத்துக்கொண்டே ஆரம்பிக்கலாம்: முட்டிக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழே அழுத்தி ஐந்து எண்ணுங்கள். கட்டில்லாத கணுக்கால் என்றால் பாதத்தில் துண்டை மாட்டி உங்கள் பக்கம் இழுங்கள். குதிகால் தரையில் ஒட்டியபடி முட்டியை முன்னால் கொண்டுவர முடியாவிட்டால் மாடியிறங்க வராது. ஆண்கள் பாதிப் பேர் நொண்டுவது இந்த ஒன்றால்தான் என்பது என் அனுபவம். பெண்கள் தரையில் உட்கார்ந்து எழுந்தே இதைக் கொஞ்சம் மீட்டுவிடுகிறார்கள்.

வலிப்பது நியாயம்தான். பிறருக்கு "இன்னும் ஐந்து" என்று சொல்லிக்கொண்டிருந்த நான், என் முறை வந்தபோது, எனக்குப் பயிற்சி கொடுக்க வந்த பெண்ணை ஆறாவதில் திட்டிவிட்டேன்.

"சாயங்காலம் ஆனா கால் வீங்குது. இன்னுமா சரியாகலை?"

சில மாதம் அப்படித்தான் இருக்கும். ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைத்தசை, அது மெலிந்திருக்கிறது. உயர்த்தி வைத்தால் காலையில் வடிந்துவிட வேண்டும். வடியாமல் ஒரு கெண்டைக்கால் மட்டும் கெட்டியாகி, சூடாகி, அழுத்தினால் வலித்தால் ரத்தக்கட்டி இருக்கலாம்; நீவாமல் அன்றே டாக்டரைப் பாருங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், நெஞ்சு வலித்தால் 108. கட்டுக்குள் வரும் வலி வேறு, அதை முன்னாலேயே சொல்லியிருக்கிறேன்.

"நாலு மாசம் ஆச்சு, எக்ஸ்ரேல இன்னும் கோடு தெரியுது. கூடலையா?"

கோடு எலும்பைவிடத் தாமதமாகவே மறையும். ஊன்றும்போது முறிந்த இடத்தில் வலி இருக்கிறதா, போன மாத எக்ஸ்ரேக்கும் இதற்கும் மாற்றம் இருக்கிறதா என்று டாக்டர் பார்ப்பார். அதனால் பழைய எக்ஸ்ரேக்களைத் தூக்கிப்போடாதீர்கள். பல மாதமாகத் துளியும் மாறாவிட்டால்தான் அடுத்த வைத்தியம். எலும்பு ஒட்டு வைப்பது, ராடு மாற்றுவது என்று வழிகள் உண்டு.

சிகரெட் பிடிக்கிறீர்களா? வீட்டில் கேட்டால் இல்லை என்பார்கள், அதனால் தனியாகக் கேட்பேன். புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். பாலும் ராகியும் ஒரு பக்கம், பால்கனியில் சிகரெட் ஒரு பக்கம் என்று இருந்தவருக்கு ஒன்பது மாதம் ஆனது.

"அம்மாவுக்கு 78 வயசு. பாத்ரூம்ல விழுந்து இடுப்பு எலும்பு போச்சு. இந்த வயசுல ஆபரேஷன் தாங்குவாங்களா, அப்படியே படுக்க வச்சுடலாமா?"

இடுப்பு எலும்பு என்று நாம் சொன்னாலும் பெரும்பாலும் உடைவது தொடை எலும்பின் மேல்பகுதி, பலருக்கு அதன் கழுத்து. விழுந்து உடைந்தது என்கிறோம். எலும்பு தேய்ந்திருக்காவிட்டால் நின்ற இடத்திலிருந்து விழுந்து உடையாது. கால் கொஞ்சம் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கும்.

ஆபரேஷனைத் தாங்குவாரா என்று எல்லாரும் கேட்கிறார்கள், படுக்கையைத் தாங்குவாரா என்று யாரும் கேட்பதில்லை. படுத்தே இருந்தால் முதுகுப்புண், நிமோனியா, சிறுநீர்க் கிருமி, ரத்தக்கட்டி என்று வரிசையாக வரும். வயதானவர்களுக்கு எமன் அந்த வரிசையில்தான் நிற்கிறான். இதயம், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு முடிந்தால் 48 மணி நேரத்துக்குள் செய்துவிட வேண்டும் என்பதே பொதுவான வழக்கம். எலும்புக் கழுத்துக்கு ரத்தம் குறைவு, அதனால் சிலருக்கு ஸ்க்ரூ போடாமல் தொடை எலும்பின் மேல்நுனியில் இருக்கும் பந்தையே மாற்றுவார்கள். மறுநாளே உட்கார வைப்பார்கள், வாக்கரில் நிற்க வைப்பார்கள். "ஐயோ பாவம், தூங்கட்டும்" என்று நர்ஸோடு சண்டை போடாதீர்கள். பந்து மாற்றியவர் தாழ்வான இடத்தில் உட்காரக்கூடாது, சம்மணம் போடக்கூடாது என்று சொல்லியனுப்பினால் அதை வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவையுங்கள்.

பாட்டி ராத்திரி குழம்பிப் பேசினால், ஊருக்குப் போகணும் என்றால் பயப்படாதீர்கள். ஆஸ்பத்திரியில் வயதானவர்களுக்கு அது சகஜம், டாக்டரிடம் சொல்லுங்கள். கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் வீட்டில் மறந்துவிடாமல் கொண்டுபோனாலே பாதி தெளிவார்.

"லீவு இல்லை, சம்பளம் போகுது. ஏதாவது கிடைக்குமா?"

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, அதில் இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் 70 சதவீதம் வருடத்துக்கு 91 நாள் வரை உண்டு. வேலையில் ஏற்பட்ட காயம் என்றால் 90 சதவீதம். வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் நடந்த விபத்தும் இதில் சேர இடமுண்டு; கம்பெனியை விபத்து அறிக்கை கொடுக்க வையுங்கள்.

ரோட்டு விபத்தென்றால் ஆஸ்பத்திரியில் எம்எல்சி, அதாவது போலீசுக்குத் தெரிவிக்கும் மருத்துவ-சட்டப் பதிவு, செய்யச் சொல்லுங்கள். "படியில் விழுந்தேன்னு எழுதிக்கலாம், போலீஸ் தொல்லை வேண்டாம்" என்று சொல்லும் புத்திசாலி உறவினரை வெளியே அனுப்புங்கள். பிற்பாடு நஷ்டஈடு கேட்கும்போது அந்த ஒரு வரி குழி பறிக்கும். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்துக்கு ஆறு மாதத்துக்குள் மனு என்று சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது, வக்கீலைச் சீக்கிரம் பாருங்கள். 2025 மே மாதம் வந்த மத்திய அரசுத் திட்டத்தில், விபத்தில் சிக்கியவருக்கு ஏழு நாள்வரை ஒன்றரை லட்சம் ரூபாய்க்குப் பணம் கட்டாமல் சிகிச்சை உண்டு, திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில்.

என்னைப் போலத் தானாக விழுந்தவர்களுக்கு: வண்டி இன்ஷூரன்ஸில் ஓட்டும் உரிமையாளருக்கென்று இருக்கும் 15 லட்சம் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான். கால் உடைந்த செலவுக்கு அது வராது. டிஸ்சார்ஜ் அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"ராடை எடுத்தே ஆகணுமா? மெட்ரோ செக்கிங்ல கத்துமா?"

தொந்தரவு இல்லாவிட்டால் பெரியவர்களுக்கு எடுக்காமலே விடலாம். எடுப்பதென்றால் எலும்பு நன்றாகக் கூடி, ஒன்று ஒன்றரை வருடம் கழித்து. டிபியா ராடு வைத்தவர்களுக்கு முட்டியின் முன்பக்கம் மண்டியிட்டால் வலிப்பது சகஜம். எனக்கும் உண்டு, வாசலில் கோலம் போட இப்போது சின்ன மணை வைத்துக்கொள்கிறேன்.

மெட்ரோவில் கைக்கருவி சில நேரம் கத்தும், சில நேரம் கத்தாது. "காலல்லி ராடு இதே", காலில் ராடு இருக்கிறது, என்று கன்னடத்தில் சொன்னால் சிரித்துவிட்டு விடுகிறார்கள். எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தால் உள்ளே கம்பி இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். டைட்டானியம் என்றால் பொதுவாகத் தடையில்லை. டிசம்பர் குளிரில் அந்த இடம் கடுக்கிறது என்று நிறைய பேர் சொல்கிறார்கள். ஒரு கம்பளி சாக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள்.

"நல்லா நடக்கிறேன். வண்டி எப்போ எடுக்கலாம்? எடுக்கவே பயமாவும் இருக்கு."

ஊன்றுகோல் இல்லாமல் நொண்டாமல் நடக்க வேண்டும், அடிபட்ட ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க வேண்டும், டாக்டரும் சரி என்று சொல்ல வேண்டும். பைக்கில் பின் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். ஸ்கூட்டரில் கை பிரேக்தானே என்று நினைக்காதீர்கள். சிக்னலில் வண்டி சாய்ந்தால் தாங்குவது கால்தான். கிக்கரை மறந்துவிடுங்கள். முதலில் ஞாயிறு காலையில் காலி ரோட்டில், பின்னால் யாரையும் ஏற்றாமல்.

பயத்துக்கு என்னிடம் பயிற்சி இல்லை. எனக்கு எட்டாவது மாதம்தான் சாவியை எடுக்கக் கை வந்தது. முதலில் அந்த இடம்வரை நடந்து போய்ப் பார்த்தேன். குழியை மூடித் தார் போட்டிருந்தார்கள். அடுத்த மழையில் பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. இன்றும் தண்ணீர் நிற்கும் நாளில் அந்தத் திருப்பத்தில் இறங்கி வண்டியை உருட்டிக்கொண்டுதான் போகிறேன். பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும்.